சுவருக்குள் போன குழாய்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மிர்தா பொலாங்கோ 4டி வீட்டுக் குளியலறைத் தரையை முழங்காலிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். அறுகோணச் சில்லு பதித்த பழைய தரை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் கட்டிய கட்டடம் என்று சொன்னால் நம்புவதற்கு அந்த வீட்டுக்குள் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். சமையலறைச் சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்த்திருந்தார்கள். மேடைக்கு வெள்ளைக் கல் போட்டு, மரத்தரையை இழைத்து மெருகேற்றி, சுவரெல்லாம் பால் நிறம் அடித்தாயிற்று. ஒற்றைப் படுக்கையறை வீடு இப்போது ஒன்றரை வீடு போலத் தெரிந்தது.

வீட்டை விற்றுத் தருகிறவள் தரை துடைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அலுவலகத்துச் சின்னப்பெண்கள் ஆள் வைத்துத்தான் செய்துகொள்கிறார்கள். ஆனால் மிர்தா, தோமினிக்கன் குடியரசிலிருந்து வந்திறங்கிய புதிதில், இந்த வாஷிங்டன் ஹைட்ஸ் வட்டாரத்தின் பாதி வீடுகளைத் துடைத்துப் பிழைத்தவள். அடுத்தவள் துடைத்த தரையில் ஆட்களைக் கூட்டிவந்து நிறுத்த அவளுக்கு மனம் வராது.

அதிலும் இன்றைக்கு. வீட்டுக்குச் சொந்தக்காரனான வால்டர் முதல்நாள்தான் போன் செய்திருந்தான். "இந்த ஞாயிறோட சரி மிர்தா. திங்கக்கிழமை வேற ஆபீசுக்குக் குடுத்துடுவேன்." போன கோடையிலிருந்து அவள் கையால் ஒரு வீடும் விற்கவில்லை. 4டியும் போனால் அவள் மேஜை இன்னொருத்திக்குப் போகும். முதலாளி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மேஜையை மட்டும் கண்ணால் அளந்துவிட்டுப் போனார்.

வீட்டில் குறை எதுவும் இல்லை. வருகிறவர்கள் மேடைக் கல்லைத் தடவிப் பார்ப்பார்கள், ஆற்றுப் பக்கத்து வெளிச்சத்தை மெச்சுவார்கள். படுக்கையறைக்குள் போனதும் பேச்சு குறையும். மூலையைப் பார்த்தபடி கொஞ்சம் நிற்பார்கள். பிறகு யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிடுவார்கள்.

அந்த மூலை என்ன என்று மிர்தாவுக்குத் தெரியும். குளிருக்கு வீடுகளைச் சூடாக்கும் கொதிகலனின் நீராவியைச் சுமந்துகொண்டு அடித்தளத்திலிருந்து கூரை வரை ஏறும் இரும்புக் குழாய் அங்கேதான் நின்றது. கீழ்மாடியில் அவள் குடியிருக்கும் 3டியின் படுக்கையறை வழியாக ஏறி, நேரே 4டிக்குள் போகும். இப்போது மேல்வீட்டில் அதற்கு மரச்சட்டம் கட்டி, சுண்ணாம்புப் பலகை அடித்து, பூசி மறைத்துவிட்டார்கள்.

4டியில் நெடுங்காலம் இருந்தவள் வால்டரின் அத்தை லோரே. ஜெர்மனியிலிருந்து குழந்தையாகக் கப்பலேறி வந்தவள். அவள் கணவன் செத்த வருஷம், மிர்தாவின் கணவன் நிகாசியோவும் வீட்டை விட்டுப் போனான். ஃபுளோரிடாவுக்கு வேலை தேடிப் போனவனுக்கு வேலையோடு ஒரு பெண்ணும் கிடைத்தாள். இரண்டு பேரும் தனியாகிப்போன அந்தக் குளிர்காலத்தில் லோரே கீழே வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து, ஒரு ஏற்பாடு சொன்னாள்.

"சாகறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல மிர்தா. நாத்தம் அடிச்சப்புறம் கட்டடத்தப் பாத்துக்கற அந்தப் பெஸ்னிக் வந்து கதவ உடைக்கறதுதான் பிடிக்கல. போன வாரம்தான் பாலிஷ் போட்ட கதவு."

ஏற்பாடு இதுதான். காலையில் எழுந்ததும் லோரே காப்பிக் கரண்டியால் குழாயில் மூன்று தட்டு தட்டுவாள். மிர்தா வாசல் சாவியால் மூன்று தட்டு பதில் தட்டவேண்டும். பதில் வராவிட்டால் இன்னொரு முறை. அதற்கும் வராவிட்டால் கடைசியாக ஒரு முறை. அப்புறம் தட்டுவதில்லை, நேரே போய்ப் பார்க்கவேண்டியதுதான். ஆளுக்கொரு சாவி மாற்றிக்கொண்டார்கள்.

லோரே சொன்ன சொல் மாறமாட்டாள். மிர்தா ஒருமுறை காய்ச்சலில் அசந்து தூங்கிவிட்டாள். கண் விழித்தால், இரவு உடையோடு கட்டிலருகே லோரே நிற்கிறாள். "உசிரோட இருந்துக்கிட்டே பதில் சொல்லாதவங்கள எனக்குப் பிடிக்காது" என்றாள். பிறகு மேலே போய் சூப் எடுத்து வந்தாள்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு காலை மேலிருந்து சத்தம் வரவில்லை. மிர்தா சாவியால் மூன்று முறையும் தட்டிப் பார்த்துவிட்டு ஏறிப் போனாள். லோரே குழாய்க்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தட்டுவதற்கு எடுத்த கரண்டி கையிலேயே இருந்தது. வீட்டைக் காலி செய்தபோது மிர்தா அந்தக் கரண்டி ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் படுக்கையறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல், குழாயோரமாக வைத்தாள். லோரேயிடம் இருந்த 3டி சாவி அந்தச் சாமான்களுக்குள் எங்கும் அகப்படவில்லை. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே பூச்சு வேலை முடிந்த மறுநாள் காலை, அரைத் தூக்கத்தில், குழாயில் மூன்று தட்டு. மெல்லிய கரண்டிச் சத்தம். மிர்தா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கையைப் பின்னால் நீட்டிப் பதில் தட்டினாள். தட்டிய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெஸ்னிக்கிடம் கேட்டாள்.

"நீராவி, மிஸ் மிர்தா. குழாய்க்கும் வயசாயிடுச்சு. நம்மள மாதிரி காலையில எந்திரிக்கறப்ப முனகுது."

"நீ எழுபது, நான் இல்ல. அது கெடக்கட்டும், கொதிகலன எப்ப நிறுத்தின?"

"மே மாசமே நிறுத்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். ஜூன் பிறந்து வெகுநாளாகியிருந்தது. "ராத்திரி சாப்பாட்டக் குறைங்க" என்று சொல்லிவிட்டுக் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

உண்மையைச் சொன்னால் மிர்தாவுக்குப் பயம் வரவில்லை. டெக்சஸில் இருக்கிற மகள் ஞாயிறுதோறும் கூப்பிடுவாள், மறந்தால் திங்கட்கிழமை. உயிரோடு இருக்கிறாயா என்று தினமும் கேட்க ஒரு ஆள் இருந்தது. மேலிருந்துதான் கேட்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும். மிர்தா ஒரு நாளும் தவறாமல் பதில் தட்டினாள். இன்று காலை மட்டும், தரை துடைக்க விடியுமுன்பே மேலே வந்துவிட்டாள்.

வீடு பார்க்க வந்தவர்கள் மதியம் வரை ஒருவரும் தேறவில்லை. மிர்தா அலங்காரத்துக்குத் தட்டில் வைத்திருந்த எலுமிச்சைகளைத் திரும்ப அடுக்கும்போது ஒருத்தி தனியாக வந்தாள். மரிவிக் தலுசன். பெரிய ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ், பிலிப்பைன்ஸ்காரி. மேடைக் கல்லைத் தொடக்கூட இல்லை.

"மேடம், நான் பகல்ல தூங்கறவ. எனக்கு ஒரே கேள்விதான். வீடு அமைதியா இருக்குமா?"

"அமைதியான கட்டடம்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இப்ப இருக்கற வீட்ல மேல ஒருத்தன் ட்ரம் பழகறான். நாலு வருஷமா பழகறான், இன்னும் வரல அவனுக்கு."

மிர்தா சிரித்தாள். அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. மேலே குடிவந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

"இங்க யாராச்சும் செத்திருக்காங்களா?"

மிர்தா ஒரு எலுமிச்சையை எடுத்துத் திருப்பி வைத்தாள்.

"சும்மா சொல்லுங்க மேடம். பழைய கட்டடம்னா செத்திருக்கத்தான் செய்வாங்க. செத்தவங்க என்னைத் தூங்கவிடாம பண்ணினதே இல்ல. உசிரோட இருக்கறவங்கதான் மணியடிச்சிக்கிட்டே இருப்பாங்க."

"ஒரு அம்மா. வயசானவங்க. நல்ல சாவு."

"அவ்வளவுதானே."

படுக்கையறைக்குள் போய் மரிவிக் ஜன்னலைச் சாத்தினாள். வீட்டைக் காட்டுவதற்காகப் போட்டிருந்த கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். தெருச் சத்தம் இல்லை. மேலே யாரும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது முகமே மாறியிருந்தது.

"எடுத்துக்கறேன் மேடம். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

குழாயில் மூன்று தட்டு கேட்டது.

பலகைக்குள்ளிருந்து வந்தாலும் கரண்டிச் சத்தம் தெளிவாகத்தான் இருந்தது. பகலில் மிர்தா அதைக் கேட்டதில்லை. அவள் முகம் வெளுத்ததை மரிவிக் பார்த்துவிட்டாள். எழுந்து போய், நோயாளியின் நெஞ்சில் வைப்பது போலப் பலகையில் காதை வைத்தாள். பிறகு குனிந்து, தரையோரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இங்க இல்ல மேடம். கீழேருந்து வருது. கீழ் வீட்ல யாரு இருக்காங்க?"

"நான்தான்."

"நீங்க இங்க இருக்கீங்களே. கூட யாரு?"

"யாரும் இல்ல. பூட்டிட்டுத்தான் வந்தேன்."

சொல்லும்போதே கரண்டி எங்கே இருக்கிறது என்று மிர்தாவுக்கு நினைவு வந்தது. ரேடியேட்டர் மேல், தலையணையிலிருந்து கை எட்டும் தூரத்தில். ஒவ்வொரு காலையும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, மேலிருந்து கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டியிருக்கிறாள்.

இரண்டாம் முறை தட்டு கேட்டது.

மிர்தா பையிலிருந்து சாவியை எடுத்து மூலைப் பலகையில் தட்டினாள். ஈரத் துணியைத் தட்டியதுபோல் பொத்தென்றது. கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள். விரல் நுழைய, ஒரு பொட்டு இரும்பு தொட, எங்கும் இடைவெளி இல்லை. வால்டரின் ஆட்கள் பிசிரில்லாமல் வேலை செய்திருந்தார்கள். இன்னும் ஓங்கித் தட்டினாள். பூச்சு பெயர்ந்து, புதுத் தரையில் வெள்ளையாகச் சிதறியது.

"மேடம், என்ன பண்றீங்க?"

மூன்றாம் முறை. அது நிதானமாகத்தான் கேட்டது. பிறகு தட்டு நின்றுவிட்டது.

கீழே ஒரு கதவு திறந்து சாத்திக்கொண்டது. 3டி கதவின் அடித்தாழ் தரையில் உரசும் சத்தம். முப்பது வருஷமாகச் சரி செய்யாத தாழ்.

மாடிப்படியில் காலடி ஏற ஆரம்பித்தது. ஒரு படி, கொஞ்சம் நிறுத்தம், இன்னொரு படி. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுகிறவர்களின் நடை.

மரிவிக் கட்டிலிலிருந்து தன் கைப்பையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். குரல் மட்டும் தணிந்தே இருந்தது. எத்தனையோ படுக்கைகளின் பக்கத்தில் நின்று பழகிய குரல்.

"யாரோ மேல வர்றாங்க மேடம். யாருன்னு சொல்லிடுங்க. என்னன்னு சொன்னாக்கூட நான் பின்வாங்க மாட்டேன். வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. சொல்லாம மறைச்சீங்கன்னா இப்பவே கெளம்பிடுவேன். யாரு அது?"

அறை வாசலை மறித்து நின்றுகொண்டு அவள் காத்திருந்தாள். ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

காலடி மேலேறி வந்து 4டி வாசலுக்கு வெளியே நின்றது.

மிர்தா சாவியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பாவாடையில் துடைத்தாள். மரிவிக் உட்கார்ந்ததில் கசங்கியிருந்த விரிப்பைக் கையால் நீவிச் சரிசெய்தாள். பிறகு மரிவிக்கைத் தோளைத் தொட்டு ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, அறையை விட்டு வெளியே, வாசல் கதவைத் திறக்கப் போனாள்.