பன்னிரண்டு இளநீர், ஐம்பதாயிரம் ரூபாய்

வேட்பாளர்களின் தேர்தல் செலவை அரசாங்கமே கொடுத்துவிட்டால் கள்ளப் பணம் ஒழிந்துவிடும் என்று படித்தவர்கள் வானொலியில் விவாதிக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், விவாதிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் பிரதேச சபைத் தேர்தலுக்கு அள்ளிக் கொடுத்த வள்ளல்களில் நானும் ஒருவன். நிலாவெளிக் கடலோரத்தில் கரைவலை இழுக்கிறேன். மாதாமாதம் அரசாங்க நிவாரணம் வாங்குகிறேன். வள்ளலாவதற்கு வேறென்ன தகுதி வேண்டும்?

வேட்பாளர் எங்கள் பக்கம் வாக்குக் கேட்டு வந்த அன்று வளவுத் தென்னையில் பன்னிரண்டு இளநீர் பிடுங்கிக் கொடுத்தேன். தன் மச்சானோடும் ஆட்களோடும் இருந்து குடித்தார். பிறகு வென்றார். வென்ற சில நாளில் அந்த மச்சான் ஒரு படிவத்தோடு வந்தார். யார் யார் உதவினார்கள் என்று இப்போது சட்டப்படி காட்ட வேண்டுமாம்.

"அண்ணை, உங்கட பேரும் பட்டியல்ல வருது. கோயில் உபயம் மாதிரித்தான்."

அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். எங்கள் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். செலவு அவர்களுடையது, நோட்டீசில் பெயரும் அவர்களுடையது. பூசை முடிய, வெற்றிலையும் பழமும் வைத்த காளாஞ்சித் தட்டை ஐயர் முதலில் அவர்கள் கையில்தான் கொடுப்பார். நாற்பத்தொன்பது வயது வரை நான் பின்னால் நின்று பார்த்த தட்டு அது. உபயகாரரிடம் யாரும் தொகை கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. தொகை எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது. கையெழுத்தை மட்டும் அழகாக வைத்தேன்.

அந்தக் கட்டத்தில் பிறகு ஐம்பதாயிரம் ரூபாய் குடியேறியது. யாரோ ஒரு பெரிய மனிதரின் பணம். அவருடைய பெயரைச் சொல்ல ஏலாதபடியால் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். தோற்ற கட்சிக்காரர் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, இவனுக்கு ஏன் நிவாரணம் என்று முறைப்பாடு எழுதிய பிறகே எனக்கு விசயம் தெரிந்தது. அந்த மாதம் காசு வரவில்லை. வீட்டு அரிசியும் மனைவியின் சீனி வருத்தத்துக்கான மாத்திரையும் அந்தக் காசில்தான்.

"பேர் வேணுமெண்டா வாக்காளர் இடாப்பில இருக்குத்தானே. அது காணாதே உங்களுக்கு?" என்றாள் மனைவி.

பிரதேச செயலகத்தில் நிவாரணப் பொறுப்பிலிருந்த பெண் நான் உடுத்திருந்த சாரத்தையும் மேசையில் விரித்த முறைப்பாட்டுக் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, அம்பதாயிரம் குடுக்கிற ஆளுக்கு என்னத்துக்கு நிவாரணம்?"

"நான் இளநிதான் குடுத்தனான், மிஸ். பன்ரெண்டு."

"அப்ப ஒரு இளநி நாலாயிரத்துச் சொச்சம். வெள்ளைக்காரனுக்கும் அந்த விலைக்கு விக்கேலாது."

கொடுத்ததை எழுதித் தரச் சொன்னார். வாசலில் மச்சான் காத்து நின்றார். ஐம்பதாயிரம் என்றே எழுதினால் நிவாரணத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். மாற்றி எழுதினால் வேட்பாளர் வென்ற கதிரை போய்விடுமாம். முகத்துக்கு நேரே மறுத்துக் கதைக்க எனக்கு வராது. அவருக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே போய் எழுதினேன்: "இளநீர் பன்னிரண்டு. அதில் வேட்பாளரின் மச்சான் குடித்தது மூன்று. காசு ஒரு சதமும் இல்லை."

மூன்றாம் மாதம் நிவாரணம் திரும்ப வந்தது. விடுபட்ட இரண்டு மாதக் காசு, விசாரணை முடிந்தால்தானாம். கதிரையில் வென்றவரே இருக்கிறார். வானொலிக்காரர்கள் இனி விவாதிக்கத் தேவையில்லை. எனக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய காசு ஒரு தேர்தலுக்குப் போய் முடிந்துவிட்டது.

போன கிழமை கோயில் சபைக்காரர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வந்தார். இவ்வளவு கொடுக்கக் கூடிய ஆளை இத்தனை வருடம் கவனிக்காமல் விட்டதற்காக வருந்தினார். ஆறாம் திருவிழாவை எனக்கு ஒதுக்கலாமா என்று கேட்டார்.

மனைவி குசினிக்குள் மாத்திரையோடு நின்று என்னையே பார்த்தாள்.

"ஏலாது" என்று சபைக்காரரின் முகத்துக்கு நேரே சொன்னேன்.