கண் திறந்திருந்தது, ஆளைக் காணோம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் வரவில்லை. காரணம், என் வலது தோள்பட்டை.

குன்னத்தூர் ரோட்டில் லேசான தூறல். மொபெட் சறுக்கியது. எழுந்து பார்த்தால்... கை தோளிலிருந்து நழுவித் தொங்குகிறது. பின்னால் வந்த பனியன் கம்பெனி வேன்காரர்கள் என்னைத் தூக்கிப்போட்டுக்கொண்டு, திருப்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். தகவல் கேட்டு என் மனைவி சுமதி ஓடி வந்தாள்.

"ஒரு ஊசி போட்டுட்டு எலும்பை எடத்துல ஒக்கார வெச்சறலாங்க" என்றார் டாக்டரம்மா.

மயக்க ஊசி என்றால் தூங்கிவிடுவோம் என்றுதானே நினைப்போம்? நான் தூங்கவில்லை. சுவர்கள் விலகிக்கொண்டே போயின. நான் மேலே, ஃபேனுக்குப் பக்கத்தில் மிதந்தேன். கீழே மேஜையில் ஒரு ஆள். அவன் கையை யாரோ இழுக்கிறார்கள். பாவம், வலிக்குமே என்று நினைத்தேன் — அவன்தான் நான் என்று தோன்றவே இல்லை.

ஒரு பெண் முகம் குனிந்து அழுதது. யார் இவள்? தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

கதவருகே நின்ற சுமதி பொறுக்க முடியாமல் உள்ளே வந்திருக்கிறாள். என் கண்கள் விரியத் திறந்திருக்கின்றன. கூப்பிட்டால் பதில் இல்லை. கிள்ளினாலும் அசைவில்லை.

"ஏனுங்க டாக்டர், கண்ணு முழிச்சுத்தான் இருக்குது... ஆளைக் காணமுங்களே" என்றாளாம்.

தெளிந்ததும் சுமதி இதைச் சொன்னாள். என்ன மருந்து இது?

டாக்டரம்மா விளக்கினார். "மூளை செல்லுங்க குளூட்டமேட்டுனு ஒரு பொருளை அனுப்பித்தான் பேசிக்குதுங்க. அதை வாங்கிக்கிற வாசலுக்கு ரிசப்டர்னு பேரு. அதுல ஒரு வகை வாசலை இந்த மருந்து கொஞ்ச நேரம் அடைச்சிருது. கண்ணு பாக்கும். பாத்தது உள்ள போய்ச் சேராது."

"அடைச்சதுக்கே இப்படீன்னா, தெறந்தே கெடந்தா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"பக்கவாதத்துல அப்படித்தாங்க ஆகுது. ரத்தம் போகாத எடத்துல குளூட்டமேட் அளவில்லாம கொட்டிரும். வாசல் மூடாம, செல்லே செத்துப்போயிரும்."

அரண்டுபோனேன். வாரா வாரம் 'நான், நான்' என்று எழுதுகிறேனே... அந்த 'நான்' இந்த வாசல்களின் தயவில்தான் இருக்கிறதா? ஒரு சிரிஞ்ச் மருந்து போதுமா என்னைக் காணாமல் போக்க?

திரும்பும்போது ஆட்டோவில் சுமதி மெதுவாகக் கேட்டாள்.

"என்னைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நாந்தான்னு தெரிஞ்சுதுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்லை சுமதி."

கடைவீதியில் என்னைவிட்டு நாலடி தள்ளியே நடக்கிறவள்... வீடு வரும்வரை என் இடது கையை விடவே இல்லை.