மாரியாயி அக்கா கேட்கச் சொன்ன கேள்விகள்

1. எல்லாரும் ‘போலே’

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியின் சர்ஜிக்கல் கிளினிக்கில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். எங்கள் டாக்டர் சியா அப்போது ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, கோலாலம்பூர் போய்க் கதிர்வீச்சும் முடித்துப் பிழைத்துக்கொண்டவர்கள் இப்போது எப்படி வாழ்கிறார்கள் என்று அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்து ஆட்கள். வெற்றிலையோடு புகையிலை போட்டுப் பழகியவர்கள். சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் போயிருக்கும், சிலருக்குத் தாடையில் ஒரு பகுதி.

கேள்விகள் அடங்கிய படிவத்தை, நாங்கள் பாரம் என்போம், டாக்டர் ஆங்கிலத்தில் தயாரித்திருந்தார். ஃபாலோ-அப்புக்கு வருகிறவர்களிடம் கேட்டு நிரப்புவது என் வேலை. சில நேரம் டாக்டரே மலாயில் கேட்பார். “போலே மக்கான்?” சாப்பிட முடிகிறதா என்று. “போலே” என்பார்கள், முடிகிறது என்று. நான் டிக் போடுவேன். பேச முடிகிறதா? போலே. வேலை செய்ய முடிகிறதா? போலே. இன்னும் இரண்டு டிக்.

ஒரு கட்டுப் பாரம் சேர்ந்ததும் டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆட்கள் நன்றாக இருக்கிறார்கள், மாதாமாதம் வரவழைக்கத் தேவையில்லை, கிளினிக்கை வருஷத்துக்கு ஒரு முறை வைத்தால் போதும் என்று எழுதப்போவதாகச் சொன்னார். எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. கூட்டம் குறையுமே.

சுங்காய் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வரும் மாரியாயி அக்காவின் பாரம் மட்டும் பாக்கி. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், ஐம்பது வயதிருக்கும். இரண்டு தடவை அப்பாயின்மென்ட்டுக்கு வரவில்லை. நேரில் போய் நிரப்பிக்கொண்டு வரும்படி டாக்டர் என்னை அனுப்பினார்.

2. பஸ் நிற்கும் இடம்

அக்கா என்னை நன்றாகத்தான் வரவேற்றார். அவருடைய கணவர் பெருமாள் அண்ணன், தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர், மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். எனக்கு மட்டும்.

“நீங்க குடிக்கலையாக்கா?”

“இப்பத்தான் குடிச்சேன் மிஸி.” தோட்டத்தில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சேலைத் தலைப்பு வாயை மறைத்தபடியே இருந்தது. நான் பாரத்தை விரித்தேன். சாப்பிட முடிகிறது. பேச முடிகிறது. பத்து நிமிஷத்தில் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்துவிட்டது.

பஸ் நிற்கும் இடம்வரை பெருமாள் அண்ணன் கூடவே வந்தார். பாதி வழியில் நின்றார்.

“மிஸி, அவ எங்களோட உக்காந்து சாப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சு. அடுப்படியில சுவத்தப் பாத்துக்கிட்டுத்தான் சாப்பிடுறா. கடவாயில தண்ணியா ஒழுகுது. சோத்தக் கொழைச்சு, மீன முள்ளெடுத்து நான்தான் அரைச்சுக் குடுக்குறேன். தங்கச்சி மக கல்யாணத்துக்குக்கூட வரலன்னுட்டா.”

“கேட்டதுக்கு முடியுதுன்னு சொன்னாங்களேண்ணே?”

“பொய் சொல்லலைலா. முழுங்குறாதானே? நீங்க அத மட்டுந்தான் கேட்டீங்க.” பிறகு தயங்கினார். “நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க.”

திரும்பும் வழியெல்லாம் மடியில் இருந்த பாரத்தைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை. கிளினிக்கில் கட்டிவைத்திருந்த மற்றப் பாரங்களிலும் நான் எதற்கு டிக் போட்டிருக்கிறேன் என்று ஒரு பயம்.

3. வாய் யாருடையது

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, இருவரையும் அழைத்து வா என்றார்.

வந்தார்கள். டாக்டர் நேராகப் பெருமாள் அண்ணனிடமே ஆரம்பித்தார். வீட்டில் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு நேரம் ஆகிறது, ஏன் தனியாகச் சாப்பிடுகிறார். நான் மொழிபெயர்த்தேன். மூன்றாவது கேள்வியிலேயே மாரியாயி அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதலில் கணவரைப் பார்த்தார், பிறகு என்னை. சேலைத் தலைப்பைக் கீழே இறக்கினார்.

“வாய் என்னோடது. கேள்வி அவருக்கா? இத அப்படியே டாக்டருக்குச் சொல்லுங்க மிஸி.”

பேச்சு குழறித்தான் வந்தது. ஆனால் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. அப்படியே சொன்னேன். எனக்குத் தலை நிமிரவில்லை. அண்ணன் நம்பிச் சொன்னதை, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேசைமேல் கொட்டியவள் நான்தானே.

டாக்டர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். பாரம் ஒன்றைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை என்முன் வைத்து, இவர் சொல்வதை எழுது என்றார்.

அக்கா யோசித்து யோசித்துச் சொன்னார். “யாரோட உக்காந்து சாப்பிடுறீங்கன்னு கேளுங்க. கடைசியா போன விசேஷத்துல சாப்பிட்டீங்களா, இல்ல சாப்பிட்டேன்னு சொல்லிட்டு வந்தீங்களான்னு கேளுங்க. ஆம்பள டாக்டர் முன்னாடி கேக்காதீங்க. எங்கள மாதிரி ஆளு கேட்டா சொல்லுவாங்க.”

“பார்த்துக்கொள்கிறவரிடம் என்ன கேட்கலாம்?” என்றார் டாக்டர்.

அக்கா சுவரைப் பார்த்தார். “என்னையப் பாத்தா அருவருப்பா இருக்கான்னு கேளுங்க.”

அதை மலாயில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெருமாள் அண்ணன் அக்கா பக்கம் திரும்பிவிட்டார்.

“என்னா பேச்சு பேசுற?”

“நான் தட்டத் தூக்கினா எந்திரிச்சு வெளிய போயிடுறீங்கள்ல.”

“வெளிய எங்க போனேன்? கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறேன். உனக்குப் பொரையேறுனா ஓடியாரணும்லா. எதிர்ல நின்னா நீ சாப்பிட மாட்ட.”

“தினமுமா?”

“தினமுந்தான்.”

அக்கா அழவில்லை. தலைப்பை எடுத்தார், வாயை மறைக்கவில்லை, கடவாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு நான் எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

4. பிறகு

பழைய பாரங்களை ஓரமாக வைத்துவிட்டோம். புதிதாக இரண்டு தயாரித்தோம். ஒன்று நோயாளிக்கு, ஒன்று வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகக்கூடாது என்பதை டாக்டர் முதல் வரியாகவே போட்டார். எனக்காகப் போட்டது என்று எனக்குத் தெரியும்.

கிளினிக் நாளில் மாரியாயி அக்கா சுங்காயிலிருந்து பஸ் ஏறி வந்து, காத்திருக்கும் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். தன் கன்னத்தைக் காட்டிப் பேச்சை ஆரம்பிப்பார். “எனக்கு இங்க ஒழுகுது. உங்களுக்கு எங்க?” கமுந்திங்கிலிருந்து வந்த ஒரு பெரியவர், என்னிடம் மூன்று முறை ‘போலே’ சொன்னவர், அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசினார். பெருமாள் அண்ணன் கணவன்மாரையும் மனைவிமாரையும் கேன்டீனுக்கு அழைத்துப் போவார். அங்கே பேச்சு பெரும்பாலும் சமையலைப் பற்றித்தான், எதை எப்படி அரைப்பது என்று.

வருஷத்துக்கு ஒரு முறை என்ற யோசனையை டாக்டர் கைவிட்டார். கிளினிக் மாதாமாதமே நடந்தது. தாடை இறுகிப்போனவர்களுக்கு ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லிடுக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வாயைத் திறக்கும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். ஆராய்ச்சிக் கட்டுரை ஒரு வருஷம் தாமதமாகத்தான் வந்தது. அதன் முடிவில் டாக்டர் அக்காவுக்கும் பெருமாள் அண்ணனுக்கும் நன்றி எழுதியிருந்தார். நான் வாசித்துக் காட்டியபோது, “கேள்விய ஒழுங்கா போட்டிருக்காரா, அதச் சொல்லுங்க மிஸி,” என்றார் அக்கா.

ஒழுங்காகப் போட்டிருந்தார்.

பிறகு ரிட்டையர் ஆகும்வரை எத்தனையோ பாரங்கள் தயாரித்தேன். இப்போது நர்சிங் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாரத்தை அச்சடிக்கும் முன்பே நோயாளியையும் வீட்டு ஆளையும் கூட உட்காரவைத்து, கையில் பென்சிலைக் கொடுங்கள். என் கேள்விகளில் பாதியை அவர்கள் அடித்துவிடுவார்கள். அடித்த இடத்தில் அவர்கள் எழுதிய கேள்விகளுக்குத்தான் எனக்கு உண்மையான பதில் கிடைத்தது.