ரணஜன்னியும் மருத்துவர்கள் வந்த வழியும்

என் மகன் பிலவேந்திரனின் வாய்க்குள் இட்லித் துண்டு நுழையவில்லை. நோய் எங்கள் வீட்டில் அவ்வாறுதான் தன்னை அறிவித்தது.

"நேத்து அம்புட்டு வாயடிச்சியே, தாடை ஓஞ்சு போச்சாக்கும்" என்று என் மனைவி சவரியம்மாள் கேலி செய்தாள்.

"தெறக்க முடியலம்மா" என்றான், பல்லிடுக்கின் வழியாக. அவனும் சிரிப்பதுபோல் இருந்தது. உதடுகள் இரு பக்கமும் இழுபட்டுப் பற்கள் தெரிந்தன. அது சிரிப்பன்று என்பதை அன்று மாலைக்குள் அறிந்துகொண்டோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் இறுதியில் திண்டுக்கல்லில் நடந்தது இது. இன்று மருத்துவமனைத் தாழ்வாரங்களில் அமர்ந்திருப்போருக்காக எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்; கல்லூரியில் தர்க்கம் கற்பித்து ஓய்வுபெற்றவன். உள்நோய்களைப் பார்க்கும் மருத்துவர் என்ற ஒரே பெயருக்குப் பின்னால் எத்தனை விதமான முன்வாழ்க்கைகள் நிற்கின்றன என்பதை அதற்கு முன் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்கள் தெரு மருத்துவர் நல்லவர். மலைக் காய்ச்சல் (மலேரியா) முகாம்களில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு வந்தவர். அவருடைய கை நேராக இடது விலாவுக்குக் கீழே சென்று மண்ணீரலைத் தேடியது. காய்ச்சல் உண்டா, குளிர் உண்டா என்று கேட்டார். இரண்டும் இல்லை. தாடையைத் தடவிப் பார்த்து, பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம் என்றார். பாதத்தை அவர் பார்க்கவில்லை. காய்ச்சல் முகாம்களிலிருந்து அவர் வந்த வழியில் பாதத்துக்கு வேலை இருந்ததில்லை.

மாலையில் முதுகு வளையத் தொடங்கியது. ஜட்கா வண்டியில் ஏற்றினோம். சக்கரம் கல்லில் ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும் அவன் உடல் வில்லாக விறைத்துப் பலகையில் மோதியது. பின்தலையும் குதிகாலும் மட்டுமே பலகையைத் தொட்டன. கடிபட்ட நாக்கிலிருந்து இரத்தம் வழிந்து என் வேட்டியில் இறங்கியது. அவனை அழுத்திப் பிடித்தேன். பிடித்த இடமெல்லாம் மேலும் இறுகியது. அவன் கண்கள் முழு நினைவோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மருத்துவமனையில் எங்களை எதிர்கொண்டவர் மருத்துவர் இன்னாசி. போர்வையை விலக்கி முதலில் பாதத்தைத்தான் பார்த்தார்.

"முள்ளு எப்பக் குத்துச்சு?"

"போன வாரம், எங்கண்ணன் தோட்டத்துல, குப்பைக்குழி ஓரமா. சின்ன முள்ளுதானே டாக்டர்?" என்றாள் சவரியம்மாள்.

"முள்ளு சின்னதுதாம்மா."

ரணஜன்னி என்றார் (காயத்தின் வழியே நுழையும் கிருமியின் நஞ்சு நரம்புகளைப் பற்றித் தசைகளை முறுக்கும் நோய்). சீரம் ஏற்றினார் (குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் நஞ்சுமுறி). அறையை இருட்டாக்கினார். மகனின் காதுகளில் பஞ்சு வைத்தார். ஓசையும் வெளிச்சமும் தொடுகையும்தான் இந்நோயின் ஆயுதங்கள் என்றும், அவற்றைப் பறிப்பதே தம் வேலை என்றும் விளக்கினார்.

ஆயினும் ஓசையை முற்றிலும் பறிக்க இயலவில்லை. வெளியே ஒருவர் இருமினால் போதும், மகனின் உடல் கட்டிலிலிருந்து எழும்பி விழும். வாளியின் பிடி ஒரு முறை வாளிமேல் விழுந்தபோது அவன் முதுகெலும்பில் ஏதோ முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அலறவில்லை. அலறுவதற்கு வாய் திறக்க வேண்டும்.

என் மனைவிக்கு இன்னாசியிடம் நம்பிக்கை இல்லை. அவர் கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தில் படித்து, குருப்பட்டம் பெறும் தறுவாயில் வெளியேறி, அதன்பின் மருத்துவம் பயின்றவர். ஊருக்கே தெரிந்த செய்தி. "சாமிக்குக் குடுத்த வாக்கையே காப்பாத்தாத ஆளு, எம்பிள்ளையைக் காப்பாத்திருவாராக்கும்" என்று என் காதருகே முணுமுணுத்தாள்.

அவள் வேண்டியது அவஸ்தைப் பூசுதல் (மரண ஆபத்தில் உள்ள கத்தோலிக்கருக்குக் குரு தைலம் பூசும் சடங்கு). அதைப் பெறாமல் மகன் இறந்துவிடக் கூடாது என்பதே அவளுடைய ஒரே அச்சம். குருவானவர் வந்து சேர்ந்தபோது இன்னாசி அவரைத் தாழ்வாரத்திலேயே மறித்தார்.

"சாமி, கண்ணு, காது, மூக்கு, உதடு, கை, கால்னு ஒவ்வொண்ணாத் தொட்டா பையன் தாங்க மாட்டான். நெத்தியில ஒரு தடவை. மந்திரமும் உதட்டுக்குள்ளயே. அவசரத்துக்குச் சடங்கு ஒழுங்குல எடம் இருக்கு."

முதிய குரு அவரை உற்றுப் பார்த்தார். "ஒழுங்கு எனக்குத் தெரியும்லே. நீ இன்னும் மறக்கலையே, அதத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு என் மனைவியிடம், "மிச்சத்த ஆபத்து நீங்கினதும் பூசிரலாம் தாயி" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றார். பெருவிரல் நெற்றியில் பட்டது. தாடை ஒரு முறை அதிர்ந்தது, அவ்வளவே. அன்று முதல் என் மனைவி இன்னாசியை டாக்டர் தம்பி என்றழைத்தாள்.

அதன்பின் வலிப்புகளுக்கு இடையே இடைவெளி நீண்டது. பல்லிடுக்கில் கஞ்சித் தண்ணீர் இறங்கியது. ஒரு நாள் அவனே பேசினான்: "அப்பா, கழுதை ஒதச்ச மாதிரி இருக்கு." "ஒதைக்கட்டும் அப்பு, நாளைக்கு நாம அதைத் திருப்பி ஒதைப்போம்" என்றேன். அவன் மூக்கால் சிரித்தான். இம்முறை அது சிரிப்பேதான்.

ஒரு வழக்கில் சாட்சி சொல்ல இன்னாசி மதுரை நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. அவருக்குப் பதிலாக மருத்துவர் வரதராஜன் வந்தார். பல ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து நோயுற்ற திசுக்களை ஆராய்ந்தவர், அதைக் கற்பித்தவர். பிறகுதான் நோயாளிகளிடம் வந்தார். நாடி, மூச்சு, சிறுநீர் அனைத்தையும் நுணுக்கமாகச் சோதித்து, நோய் இறங்குகிறது என்றார். அவர் கணித்தது சரியே.

ஆபத்து நீங்கியதாகவே சவரியம்மாள் அதைக் கேட்டாள். மிச்சம் பூச வேண்டுமே. அவரிடம் அனுமதி கேட்டாள்.

"உங்க சடங்குல நான் என்னம்மா சொல்றது? தாராளமாச் செய்யுங்க" என்றார் வரதராஜன். பிற சமயத்தாரின் வழிபாட்டில் குறுக்கிடக் கூடாது என்னும் பண்பு அவரிடம் இருந்தது. பூசுதலை அவர் வெறும் ஜெபமாக எண்ணியிருந்தார். அது தொடுகை என்று இன்னாசி அவரிடம் சொல்லவில்லை. குருமடத்தில் வளர்ந்தவருக்கு அது சொல்லவேண்டிய செய்தியாகத் தோன்றியிராது. மகன் தேறிவிட்டான் என்றே அறையிலிருந்த நாங்கள் அனைவரும் நம்பினோம்.

முதிய குரு மீண்டும் வந்து கண்ணிமைகளில் பூசினார். காதில் பூசப் பஞ்சை எடுத்தார். மூக்கு, உதடு. உதட்டில் விரல் பட்டபோது கழுத்துத் தசைகள் கயிறுகளாகப் புடைத்தன. குரு கையை இழுத்துக்கொண்டார். உடல் முழுவதும் ஒரே வீச்சில் வளைந்து கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மோதியது. மீண்டும் மோதியது. தொண்டை மூடிக்கொண்டது (குரல்வளைத் தசை இறுகிக் காற்று நுழையாத நிலை). வரதராஜன் ஓடிவந்து கத்தியால் கழுத்தைத் திறக்க முயன்றார். விறைத்துத் துள்ளும் கழுத்தில் கத்தி வழுக்கியது. முகம் கறுத்தது. இரத்தம் தலையணையிலும் குருவின் வெள்ளை அங்கியிலும் தெறித்தது. பிறகு உடல் தளர்ந்தது. நோய் வந்த நாளிலிருந்து அவனை முழுதும் தளர்ந்த நிலையில் பார்த்தது அப்போதுதான்.

இன்னாசி மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நடந்ததை அவருக்கு யாரோ சொல்லியிருந்தனர். சவரியம்மாள் அவர் முன் வந்து நின்றாள்.

"கையிலயும் கால்லயும் பூசல டாக்டர் தம்பி. அது கொறையா?"

"கொறை இல்லம்மா. மொத நாளு நெத்தியில பூசுனதே போதும்."

"அப்ப, மொத நாளே முழுசா முடிஞ்சிருச்சா?"

இன்னாசி என்னைப் பார்த்தார். ஆம் என்றால் அவளுடைய அச்சம் தீரும். ஆம் என்றால், இரண்டாம் முறை பூசக் கேட்டது எதற்கு என்ற கேள்வி அவளிடமே தங்கிவிடும். இரண்டையும் பிரிக்கும் தர்க்கம் என்னிடமும் இல்லை.

"முடிஞ்சிருச்சும்மா" என்றார்.

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

உங்கள் மருத்துவர் எந்த வழியாக மருத்துவத்துக்கு வந்தவர் என்று கேளுங்கள். அது அவமதிப்பன்று. அவர் இடத்தில் இன்னொருவர் வரும்போது, முன்னவர் சொல்லாமல் விட்டது என்ன என்றும் கேளுங்கள்.

என் உடல் இப்போது எனக்கு அந்நியம். தாழ்ப்பாள் விழுமுன்பே கழுத்து இறுகிவிடுகிறது. பாத்திரங்களை நாங்கள் இருவரும் துணியின் மீதுதான் வைக்கிறோம். யாரும் எங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. காலத்தை நான் மணிகளால் அளப்பதில்லை. ஓர் ஓசை முடிகிறது. அடுத்தது வரும்வரை மூச்சுவிடாமல் காத்திருக்கிறேன். அந்த இடைவெளிக்குள் அவன் இருக்கிறான்.