பாக்குறாப்ல இருக்கா, மதினி?

பாச்சலூருக்கு மேலே, பீன்ஸ் எடுத்து முடித்துச் சும்மா கிடந்த ஒரு சரிவில் போன வருஷம் ஜீப் பந்தயம் நடத்தினார்கள். அது பார்க்கத் தகுந்த பந்தயமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற வேலை என் தலையில் வந்து விழுந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பந்தயத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் நாத்தனார் விடவில்லை. ஒட்டன்சத்திரத்தில் இருந்துகொண்டு அரை மணிக்கு ஒரு தடவை போன் போட்டாள்.

"மதினி, பாக்குறாப்ல இருக்கா? இருந்தாச் சொல்லுங்க, காரைப் பிடிச்சு ஏறி வந்துர்றோம். பிள்ளைகளும் ரேஸ் பாத்த மாதிரி இருக்கும், அப்படியே வண்டியையும் ஓட்டிட்டு வந்துரலாம்னு இவுக சொல்றாக."

வண்டி என்று அவள் சொன்னது எங்கள் ஜீப்பை. அதற்கு மூன்று மாதம் முன்னால், நல்ல மழையில், பீன்ஸ் மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு வளைவில் வண்டி வழுக்கிவிட்டது. ஓரச் சுவரில் முட்டி நின்றது. என் வீட்டுக்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை. மூட்டை ஒன்று அவிழ்ந்து காய் சிதறியது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குப் பிறகு இறக்கத்தைக் கண்டால் அவருக்குக் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஏற்றத்தில் ஓட்டுவார். இறக்கம் வந்ததும் ஓரங்கட்டி, தெரிந்த டிரைவர் யாராவது அந்த வழியாக வந்தால் இறக்கித் தரச் சொல்லிக் கேட்பார். பத்து வருஷமாக அந்த ரோட்டில் ஓட்டிய மனுஷர். கடைசியில் வண்டியை வெளியே எடுப்பதையே விட்டுவிட்டார். தினமும் துடைத்து மட்டும் வைப்பார்.

நாத்தனாரின் வீட்டுக்காரர், அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுவேன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மண்டி வைத்திருக்கிறார். ஜீப்பை நான் எடுத்துக்கொள்கிறேன், மச்சான் என்கூட மண்டிக்கு வந்துவிடட்டும் என்றார். என் வீட்டுக்காரர் யோசித்துக்கொண்டே இருந்தார். பந்தயத்துக்கு நோட்டீஸ் ஒட்டியதும் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்.

"எறக்கம் இருக்கு, சேறு இருக்கு. ஓட்டிப் பாக்குறேன். கை வந்துருச்சுன்னா வண்டி நமக்கு. வரலேன்னா அன்னைக்கே மாப்ளைகிட்ட சாவியக் குடுத்துருவோம்."

எனக்கு ஜீப் போய்விட்டால் நல்லது என்றுதான் இருந்தது. நாத்தனாரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். மண்டியில் மூட்டை தவறினால் காலில் விழும், பள்ளத்தில் விழாது. ஆனால் துணியும் கையுமாக ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வருகிற அவர் முகத்தைப் பார்த்தால் அந்த நினைப்பே பாவமாகத் தெரியும். பந்தயத்தன்று காலையில் பழனி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். நல்லா ஓட்ட வேண்டும் என்று கேட்டால் ஜீப் தங்கிவிடும். ஓட்ட வரக்கூடாது என்று கேட்டால், பக்கத்திலேயே பள்ளம் இருக்கிறது. என்ன கேட்பது என்று தெரியாமல், "நீயே பாத்துக்கப்பா" என்று விட்டுவிட்டேன்.

"வர்றதுன்னா வா. ஆனா என் கண்ணுல படாத" என்று கிளம்பும்போது சொன்னார். "நீ சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டு நிக்கிறதப் பாத்தா எனக்கு இருக்குற தைரியமும் போயிரும்."

அதனால்தான் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்காமல், சரிவின் நடுவில் இருந்த ஒரு படிவயலில் போய் உட்கார்ந்தேன். ஓட்டுகிற தடம் கீழே இருந்து கிளம்பி, மேலே ஒரு சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி, அதே வழியாகத் திரும்பி வரும். ஒரு நேரத்துக்கு ஒரு வண்டி. யார் சீக்கிரம் திரும்புகிறார்களோ அவர்களுக்குக் கப்பு. நான் உட்கார்ந்த வயலை மூன்று பக்கமும் அந்தத் தடம் வளைத்துக்கொண்டு போனது. நாலாவது பக்கம் பள்ளம். வெளியே போக வேண்டும் என்றால் தடத்தைக் கடந்துதான் போக வேண்டும். இதெல்லாம் உட்கார்ந்த பிறகுதான் என் புத்திக்கு எட்டியது.

நாலு வண்டி ஓடியது. ஐந்தாவது வண்டி மரத்தைத் தொடுவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. வெள்ளைத் துணியைப் போட்டு மூடியது மாதிரி. விசில் ஊதினார்கள், பந்தயம் நின்றது. மைக்கில் பேசினவர் மட்டும் நிற்கவில்லை. "அன்பார்ந்த பெருமக்களே, இதோ, சீறிப் பாயக் காத்திருக்கிறது அடுத்த வாகனம்!" என்று கண்ணுக்கே தெரியாத வாகனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எழுந்து கயிற்றுப் பக்கம் போனேன். அங்கே கையில் கொடியோடு ஒருவர் காவலுக்கு நின்றார்.

"அண்ணே, அந்தப் பக்கம் போகணும்."

"போகக் கூடாதும்மா. வண்டி ஓடுற தடம்."

"அதான் ஒண்ணும் ஓடலயே. நின்னுருச்சுல்ல?"

"நின்னுருச்சு. எப்ப ஓடும்னு யாருக்குத் தெரியும்? போய் உக்காருங்க."

நின்றால் நகரலாம் என்பதுதான் உலகத்தில் எல்லா இடத்திலும் வழக்கம். இங்கே ஓடினாலும் நகரக் கூடாது, நின்றாலும் நகரக் கூடாது. என்னோடு அந்த வயலில் முப்பது பேர்வரை இருந்திருப்போம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொடைக்கானலில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர். ஸ்வெட்டர், குல்லா, கையில் வேர்க்கடலைப் பொட்டலம்.

"டென்ஷன் ஆகாதீங்க சிஸ்டர்" என்றார். "டிவியில பெரிய பெரிய ரேஸே இப்படித்தான். மழை வந்தா ரெட் ஃபிளாக் காட்டி நிப்பாட்டிருவான். வெயிட் பண்ணு, வெயிட் பண்ணும்பான். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ரெண்டு ரவுண்ட் விட்டுட்டு, முடிஞ்சதுன்னு கப்பக் குடுத்துருவான்."

"அப்புறம் எதுக்குண்ணே உக்காந்து பாக்குறீங்க?"

"முடியலையே சிஸ்டர், அதனாலதான். பாதியில எந்திரிச்சுப் போனா, அதுவரைக்கும் உக்காந்தது வேஸ்ட்டாயிருமே."

அந்த ஆள் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. போன் அடித்தது.

"மதினி, எப்படி இருக்கு?"

"மேகமா இருக்குத்தா. தெளியட்டும், சொல்றேன்."

"இவுக டிரைவர ரெடியா நிப்பாட்டி வச்சிருக்காக மதினி. வெரசாச் சொல்லுங்க."

வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் வந்து நின்றால், தங்கச்சி, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் பார்க்க இவருக்கு நிச்சயம் கால் நடுங்கும். சாயங்காலத்துக்குள் ஜீப் மலை இறங்கிவிடும். நானும் நிம்மதியாகத் தூங்குவேன். வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. பார்க்கிற மாதிரி இருக்கிறதா என்று நிஜமாகவே பார்க்க ஆரம்பித்தேன். அதையாவது உண்மையாகச் சொல்லலாமே.

மேகம் விலகி இரண்டு வண்டி ஓடியது. சேறு தெறித்தது, ஒருத்தருக்குக் கதவு கழன்று விழுந்தது, சனம் கைதட்டியது. அப்போது பார்க்கலாம் போலத்தான் இருந்தது. உடனே மறுபடி விசில். அடிபட்டால் தூக்கிக்கொண்டு போக நின்ற ஆம்புலன்ஸை, பக்கத்து ஊரில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது என்று கூப்பிட்டுவிட்டார்கள். அது திரும்பி வராமல் ஓட்டக் கூடாதாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வண்டி இருப்பதை நம்பித்தானே நான் அதுவரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்! போன வண்டி வழியில் பஞ்சரானால்? அந்தப் பெண்ணுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால்? முன்னே பின்னே தெரியாத ஒருத்திக்காக அரை மணி நேரம் ஆம்புலன்ஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குப் போக வேண்டும் போலவும் இருந்தது. அதற்கும் அந்தக் கயிற்றைத் தாண்டியாக வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்தது. பெண் குழந்தை என்று மைக்கில் சொன்னார்கள். அன்றைக்கு விழுந்த பெரிய கைதட்டல் அதற்குத்தான். இன்னும் மூன்று வண்டி ஓடியதும், மரத்தடியில் நாலு காட்டுமாடு வந்து நின்றுகொண்டன. விரட்டப் பயந்து எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதுகளும் நம்மைப் பார்த்துக்கொண்டே நின்றன.

"அதுகதான் ஜட்ஜு போல" என்றார் கார்க்காரர். "ரேஸ் பிடிக்கலேன்னு வந்து நின்னுருச்சுக."

மாடுகள் தாமாகவே போன பிறகு மணி நாலு. மறுபடியும் மேகம் கட்ட ஆரம்பித்தது. நடத்தினவர்களுக்கு அவசரம் வந்துவிட்டது. எங்கள் ஜீப்பின் முறை வந்தது.

அவர் என்னைத் தாண்டி மேலே ஏறியதைப் பார்த்தேன். முகம் சுண்டிப்போயிருந்தது. ஏற்றம் அவருக்கு எப்போதும் வரும். பிறகு வண்டி மேகத்துக்குள் போய்விட்டது. சத்தம் மட்டும் கேட்டது. மரத்தைச் சுற்றுகிற சத்தம். கியர் மாற்றுகிற சத்தம். அப்புறம் இறங்குகிற சத்தம். சேலைத் தலைப்பு என் வாயில்தான் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

அதே நேரம் கீழே இருந்தும் ஒரு சத்தம் வந்தது. இவர் திரும்பி வருவதற்கு முன்பே, அவசரத்தில், அடுத்த வண்டியை விட்டுவிட்டார்கள்.

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரில்தான் தடம் குறுகுகிறது. இரண்டு வண்டி போக முடியாது. ஓரத்தில் ஒதுங்குகிற மாதிரி மண்ணைக் கொஞ்சம் வெட்டி விட்டிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் சரிவு. நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கொடிக்காரர் ஊதிய விசிலும் அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

மேகத்துக்குள் இருந்து எங்கள் ஜீப் வெளியே வந்தது. நல்ல வேகம். எதிரே முக்கிக்கொண்டு ஏறுகிற வண்டியைக் கண்டார். வண்டி குலுங்காமல், கோணாமல், சேற்றில் ஒரு கோடு போட்ட மாதிரி வந்து நின்றது. அப்புறம் நிதானமாகப் பின்னால் எடுத்து, வெட்டிவிட்ட இடத்தில் ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, வா வா என்று காட்டினார். ஏறி வந்தவரும் வழக்கம்போலக் கையைத் தூக்கி ஒரு வணக்கம் போட்டு, இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுப் போனார். எங்கள் மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும். எந்த ரோட்டிலும், எந்த நேரத்திலும் அதுதான் முறை. வயலில் இருந்த யாருக்குமே அது விசித்திரமாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

கார்க்காரருக்குத்தான் முதலில் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ அண்ணே! இது ரேஸுண்ணே! பஸ்ஸுக்கு வழிவிடுற மாதிரி விட்டுட்டு நிக்கிறீங்களே!"

வயல் முழுக்க ஒரே சிரிப்பு. என் வீட்டுக்காரரும் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். மூன்று மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. அப்புறம் பொறுமையாக இறங்கிப் போனார். அத்தனை வண்டியிலும் அதிக நேரம் எடுத்தது அவருடையதுதான்.

அதற்குப் பிறகு மேகம் மொத்தமாக மூடிவிட்டது. மிச்சத்தை ரத்து செய்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்கள். கீழே ஓடினேன். நடத்தினவர்களில் ஒருவர் இவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க தப்புதாங்க. நாளைக்கு வெளிச்சம் வந்ததும் உங்களுக்கு மட்டும் இன்னொரு சான்ஸ் தர்றோம். ஓட்டுறீங்களா?"

"இல்லண்ணே. நாளைக்கு வெள்ளனே லோடு அடிக்கணும். மூட்டை கெடக்கு" என்றார்.

அதைக் கேட்டுத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. என்னிடம் அவர் தனியாக எதுவும் சொல்லவில்லை. "நின்னுச்சு பாத்தியா? எறக்கத்துல, சேத்துல, ஒரு சாண் வழுக்கல" என்று மட்டும் சொன்னார். கால் நடுங்கினதா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "கவனிக்கலயே" என்றார்.

போன் அடித்தது.

"மதினி, இருட்டப் போகுது. இப்பவாச்சும் சொல்லுங்க. வரவா, வேண்டாமா?"

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு டயரில் இருந்த சேற்றைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காத மாதிரி கொஞ்சம் தள்ளிப் போனேன்.

"வேண்டாந்தா. வண்டி இங்கயே இருக்கட்டும். அண்ணன்கிட்டச் சொல்லிரு."

"என்ன மதினி, நீங்கதான முதல்ல குடுத்துருவோம் குடுத்துருவோம்னு நின்னீங்க?"

"ஆமாத்தா. நாந்தான்."

"அதுசரி. ரேஸு எப்படி? எங்க மாமியா கேக்குறாக."

அதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன். நாலு மணி நேரம் உட்கார்ந்தால் நாற்பது நிமிஷம் ஓடும். அதிலும் பாதி கண்ணுக்குத் தெரியாது. வேகம் பார்க்க வந்தவர்கள் வராமல் இருப்பதே நல்லது. சொந்தக்காரர் யாராவது ஓட்டினால் வரவே கூடாது. சொந்தமே இல்லாமல், வேறு சோலியும் இல்லாமல், பக்கத்தில் வாயாடுகிற ஆள் ஒருத்தர் கிடைத்தால் பார்க்கலாம். நாத்தனார் "உங்களக் கேட்டேன் பாருங்க" என்று சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அந்த வயலில் இருந்து அரை நிமிஷம் நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் விடியும் முன்பே பீன்ஸ் மூட்டையோடு கிளம்பிப் போய்விட்டார். முதல் வளைவு தாண்டியிருப்பார் என்று கணக்குப் போட்டு ஒரு போன் போட்டேன். எடுக்கவில்லை. இரண்டாவது வளைவுக்கு ஒன்று போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனை எடுக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கி வைத்திருப்பவளும் நான்தான். அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் பதினேழு வளைவு இருந்தது.