ரெண்டு பாட்டில் போதும்

மலையடிவார வனத்துறை அலுவலகத்தில் அவருடைய வேலைக்குக் காகிதத்தில் 'பதிவு எழுத்தர்' என்று பெயர். ஆனால் பத்தொன்பது வருடமாக அவர் செய்து வந்தது ஆளைப் பார்த்துப் பாதை சொல்லும் வேலைதான். அதனால் ஊருக்குள் அவர் வழிக்காரர். தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டை விசாரிப்பார்.

மலைக்கு மூன்று பாதைகள். முகட்டுப் பாதை செங்குத்தானது. மேலே போய்விட்டால் இரண்டு பக்கத்துச் சமவெளியும் தெரியும். ஏரிப் பாதை நீளம், ஆனால் ஏற்றம் குறைவு. ஓடைப் பாதை இரண்டுக்கும் நடுவில். மரநிழல் உண்டு, கூடவே தண்ணீரும் வரும். கோடையில் காலை ஆறு மணிக்கெல்லாம் அவருடைய ஜன்னலுக்கு முன்னால் வரிசை நிற்கும். வழிக்காரர் முதலில் வந்தவரின் செருப்பைப் பார்ப்பார், அடுத்து வயிற்றை, அதற்கப்புறம்தான் முகத்தை.

"கடைசியா எப்போ மலை ஏறினீங்க?"

"காலேஜ் படிக்கும்போது."

"அப்போ அந்தக் காலேஜ் பையன் முகட்டுக்குப் போகட்டும். நீங்க ஏரிக்குப் போங்க."

வரிசையே சிரிக்கும். முணுமுணுத்துக்கொண்டே போனவர்கள் சாயங்காலம் திரும்பி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனதுண்டு.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். "ஊருக்கெல்லாம் வழி சொல்ற மனுஷனுக்கு, வீட்டுக்கு வர வழி மட்டும் ஏழு மணிக்கு மேலதான் தெரியுது" என்பாள்.

அவருக்கு வலது முழங்கால் தேய்ந்திருந்தது. நான்கு வருடமாக அவர் மலையில் கால் வைக்கவே இல்லை என்பது வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. பாதை நிலவரத்தை அவரிடம் வந்து சொல்வது மனைவியின் தம்பி. அங்கேயே வனக்காவலர். வாரத்துக்கு ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, ஜன்னலோரம் நின்று, "எல்லாம் சரியா இருக்கு மாமா" என்பான். மாமா அதைத் தன் கண்ணால் பார்த்த மாதிரி வரிசைக்குச் சொல்வார்.

மழை பொய்த்துப் போன ஒரு கோடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர்.

"முகட்டுப் பாதை, ரெண்டு பேர்" என்றார் மெக்கானிக். "முப்பத்தஞ்சு வருஷம் பஸ்ஸுக்கு அடியில படுத்துக் கிடந்தவன் சார். ஒரு நாளாவது மேல நின்னு கீழ பாக்கணும்."

"நீங்களே சொல்லுங்க சார்" என்று அந்த அம்மா குறுக்கே வந்தார். "நான் சொன்னா காதுல ஏறாது. போன மாசம்தான் பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்காங்க."

வழிக்காரர் யோசிக்கவே இல்லை. "முகடு வேண்டாம். ஓடைப் பாதை போங்க. நிழலா இருக்கும்."

மெக்கானிக்கின் முகம் சுருங்கியது. பிறகு அவரே சிரித்துக்கொண்டார். "சரி, ரெண்டு பேரும் ஒண்ணு கூடிட்டீங்க."

அந்த அம்மா பையைத் திறந்து மூன்று பெரிய தண்ணீர் பாட்டில்களைக் காட்டி, "இது போதுமா சார்?" என்று கேட்டார்.

"ரெண்டு பாட்டில் போதும்மா. ஓடை கூடவே வரும். எதுக்குச் சும்மா சுமந்துகிட்டு?"

"அப்போ இது இங்கயே இருக்கட்டும். இறங்கும்போது வாங்கிக்கிறேன்" என்று மூன்றாவது பாட்டிலை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார். வழிக்காரர் வாங்கி மேசைக்கு அடியில் வைத்தார்.

மரப்பாலம் வரைக்கும் ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. அதற்கு மேலே வெறும் கல். அடுத்த வளைவில் தண்ணீர் வரும், அதற்கடுத்த வளைவில் வரும் என்று இருவரும் நடந்திருக்கிறார்கள். மேலே பாதி மரங்கள் இலை உதிர்த்து நின்றன. ஒரு மணி வெயிலில் மெக்கானிக் தூக்கம் வருகிறது என்று ஒரு மரத்தடியில் படுத்தார். பேச்சு குழறியது. அந்த அம்மா ஆள் தேடி ஓட்டமும் நடையுமாகக் கீழே இறங்கினார். ஆட்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் மைத்துனன் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றான்.

"மாமா, அந்த வாரம் நான் பாலம் வரைக்கும்தான் போனேன். அங்க தண்ணி இருந்துச்சு. மேலயும் இருக்கும்னு நினைச்சுட்டேன்."

வழிக்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி நடுவில் வந்து நின்றாள். "வெளிய தெரிஞ்சா இவன் வேலை போயிடுங்க. ரெண்டு பிள்ளைங்கள வச்சிருக்கான்."

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. டாக்டர் வெயில் தாக்கு என்று எழுதியிருந்தார். பதிவேட்டில் 'ஓடைப் பாதை, அறிவுரை வழங்கப்பட்டது' என்று வழிக்காரரின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர், அந்த அம்மா பாட்டில் விஷயத்தைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார். "ஆபீஸ்ல சரியா சொல்லி அனுப்பினாங்களா?" என்று அதிகாரி கேட்டது திறந்த கதவு வழியே காதில் விழுந்தது. "சொன்னாங்க" என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான். பிறகு வழிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவரும் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஜன்னலில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. வாட்டசாட்டமான ஆள் வந்து நின்றாலும் "ஏரிப் பாதை" என்பார். "இதைச் சொல்லவா சார் ஒரு ஆள்?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவார். மைத்துனன் வந்தால் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். மேசைக்கு அடியிலிருந்த பாட்டிலை வீசவும் மனம் வரவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை.

அடுத்த கோடையில், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த அம்மா ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். இளைத்திருந்தார்.

"ஓடைப் பாதை. ஒரு ஆள்."

வழிக்காரருக்குப் பேனா ஓடவில்லை. எழுந்து சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"அம்மா, அன்னிக்கு நான் உங்ககிட்ட தண்ணி..."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏம்மா விசாரணையில சொல்லல?"

"சொல்லியிருந்தா அடுத்த கேள்வி என்கிட்டதானே வந்திருக்கும்?" அந்த அம்மாவின் குரல் உயரவில்லை. "முகட்டுக்குப் போகணும்னு ஆசைப்பட்டவரை உங்ககிட்ட மாட்டி விட்டவ நான். கனமா இருக்குன்னு பாட்டிலைக் குடுத்தவளும் நான். வறண்டு கிடக்கே, திரும்பிடலாமான்னு அவர் கேட்டார் சார். ஜன்னல்ல இருக்கறவருக்குத் தெரியாததா, இன்னும் கொஞ்சம் நடங்கன்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

அந்த அம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அதுக்கு எனக்கு இன்னும் தெம்பு வரல."

"நானும் வர்றேம்மா" என்றார் அவர். அந்த அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. முன்னால் நடந்தார். வழிக்காரர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் போனார்.

அந்த வருடம் நல்ல மழை. பாலத்துக்கு மேலேயும் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் வழியை ஒட்டியே வந்தது. அந்த அம்மா ஒரு இடத்தில் நின்று அதையே பார்த்தார். "எவ்வளவு தண்ணி" என்றார். முகம் கழுவக்கூடக் குனியவில்லை.

அந்த மரத்தடியில் அடையாளம் எதுவும் இல்லை. இருவரும் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கும்போது வழிக்காரரின் முழங்கால் வீங்கிவிட்டது. சரிவான இடங்களில் உட்கார்ந்து நகர்ந்து இறங்கினார். கடைசியில் அந்த அம்மாவே தோளைக் கொடுத்தார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

மறுநாள் வழிக்காரர் ஒரு கடிதம் எழுதினார். வருடக்கணக்காக மலையேறாமலே பாதை சொன்னதையும், ரெண்டு பாட்டில் போதும் என்றதையும், பாலத்துக்கு மேல் அந்த வாரம் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதையும் எழுதினார். மைத்துனன் பெயரை எழுதவில்லை. ஆனால் யார் என்று கண்டுபிடிக்க அலுவலகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கோப்பு முடிந்துவிட்டது என்றுதான் முதலில் பதில் வந்தது. மூன்று மாதம் கழித்து இரண்டு உத்தரவுகள் வந்தன. வழிக்காரர் நாற்றுப் பண்ணைக் கிடங்குக்கு மாற்றப்பட்டார். மைத்துனனைப் பத்து மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு சோதனைச் சாவடிக்குத் தூக்கி அடித்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு அவன் குடும்பத்தோடு கிளம்பினான். மாமாவிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை.

"உங்க மனசு லேசாகணும்னு என் தம்பிய ஊரை விட்டே துரத்திட்டீங்க" என்றாள் மனைவி. "லேசாச்சா?"

இல்லை என்று அவர் தலையாட்டினார். அது உண்மை. எழுதிக் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் ஏதோ இறங்கினாற்போல் இருந்தது, அவ்வளவுதான்.

கிடங்கில் ஐந்து மணிக்கே வேலை முடிந்துவிடும். ஐந்தரைக்கு வீட்டில் இருப்பார். மனைவி கடையிலிருந்து வேலையை வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்திருந்தாள். மெஷினிலிருந்து தலை தூக்காமல், "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத குரலில் சொல்வாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கும்.