இறுகியதா, இறுக்கினாரா

கல்யாணத்துக்கு முன்பு, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் பெண்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் வகுப்பு முடிந்துவிட வேண்டும். கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து சேர்வதற்குள் எனக்குத் தலை சூடேறிப் போயிருக்கும்.

வந்தவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சு நேஷனாலிட்டி குடும்பத்துப் பெண்கள். பிரான்சில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக இங்கிலாந்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாக்களையும் கூட்டிக்கொள்வார்கள். அப்படி மகளிடம் போகக் காத்திருந்தார் ஓர் அக்கா. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப்பேச்சில் சொல்தா. அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்னைவிட இருபது வயது மூத்தவராக இருந்தும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்குப் பலகையில் ஹார்டன் என்ற வினைச்சொல்லை எழுதினேன். இளகி இருப்பது கெட்டியாவது, இறுகுவது என்று பொருள் சொன்னேன். ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன். வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் சிமெண்ட்டைச் சொன்னாள். மிஷன் வீதிப் பக்கத்திலிருந்து வரும் முஸ்லிம் பெண் ஒருத்தி, தன் மாமியார் கிண்டும் அல்வா ஆறினால் ஹார்டன் ஆகிவிடும் என்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அந்த அக்கா எழுந்து, "மை ஹஸ்பண்ட்ஸ் ஹேண்ட் ஹார்டன்ட்" என்றார்.

நான் அவசரமாகத் திருத்தினேன். "கைக்கு அது வராதுக்கா. கெட்டியாப் புடிச்சாருன்னா டைட்டன்னு சொல்லணும்."

"இல்ல மிஸ். நீங்க எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. குடை வைத்திருந்தவர்கள் போனார்கள். நானும் அவரும் மாடியிலேயே நின்றோம். அவராகத்தான் ஆரம்பித்தார்.

"நாலஞ்சு நாளா வலியில தூக்கமே இல்ல மிஸ் அவருக்கு. ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு மதியம் ரெண்டு கரண்டி கஞ்சி உள்ள போச்சு. என் கைய புடிச்சிக்கிட்டே கண்ண மூடிட்டாரு. அப்பாடா, தூங்குறாருன்னு நானும் அசையாம ஒக்காந்துட்டேன்."

மகள் லண்டனில். உப்பளத்தில் அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைக் குறைத்து வைத்திருந்தாராம். கொஞ்ச நேரம் கழித்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று கத்தினார். இவர் எழுந்திருக்கப் பார்த்தார். கையை உருவ முடியவில்லை.

"முன்ன தளர்வாத்தான் புடிச்சிருந்தாரு. அப்ப பாத்தா விரலு இறுகி இருக்கு. போகாதேன்னு சொல்றாரு போலன்னு நெனச்சிக்கிட்டேன். கேஸ்காரன் ரெண்டு தரம் கூப்பிட்டுட்டுப் போயிட்டான். நான் வாயே தொறக்கல, அவரு முழிச்சிக்குவாருன்னு."

விளக்கேற்றும் நேரத்துக்கு நாத்தனார் வந்து பார்த்து அலறியபிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று சொல்வதா, ஒத்துக்கொண்டார் என்று சொல்வதா, எனக்கு இன்னும் புரியவில்லை. வெந்நீரில் துணி நனைத்து ஒற்றி ஒற்றி, விரல் விரலாகப் பிரித்து அக்காவின் கையை எடுத்தார்களாம்.

மழை ஓடுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணும் மிஸ். தமிழ்ல சொல்றப்ப, கை தானா இறுகுச்சுன்னு சொல்லணும், இல்ல அவரு கைய இறுக்குனாருன்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ண சொல்லித்தான ஆவணும்? இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் அதே வார்த்தைதானா?"

"அதே வார்த்தைதான்க்கா" என்றேன்.

"அப்ப நான் சொன்ன மாதிரி சொன்னா, தானா ஆச்சா, அவரு செஞ்சாரான்னு தெரியாதா?"

சிமெண்ட் என்றால் தானாக இறுகியது என்று சொல்லிவிடலாம். மனிதனின் கையைப் பற்றி என்ன சொல்வது? தெரியாது என்றேன்.

"தானா இறுகுச்சுன்னா கடைசியா அவரு என்னைப் புடிக்கல. பொணந்தான் புடிச்சிருக்கு. அவரே புடிச்சாருன்னா, கேஸ்காரன் கூப்பிட்டப்ப உசிரு இருந்திருக்கு. நான் ஒரு சத்தம் குடுத்திருந்தா அவன் ஓடி வந்திருப்பான்" என்றார்.

இறந்த உடம்பு எப்போது இறுகும் என்று டாக்டர்களுக்குத் தெரியுமே, எனக்குத் தெரிந்த ஒரு லேடி டாக்டரைக் கேட்டுப் பார்க்கலாமா என்றேன்.

"வேணாம் மிஸ்" என்றார் பதறிப்போய். "கேட்டா சொல்லிடுவாங்க."

அப்புறம் என் கையைக் கேட்டார். நீட்டினேன். "கண்ண மூடிக்குங்க" என்றார். மூடினேன். முதலில் அவர் விரல்கள் என் விரல்களின்மேல் வெறுமனே கிடந்தன. வெதுவெதுப்பாக, கனமில்லாமல். எப்போது மாறியது என்று சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் என் கை அவருடைய கைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் வேண்டுமென்று அழுத்தியதாக ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. கீழே ஜவுளிக்கடையில் யாரோ ஷட்டரை இழுத்தார்கள். கையை உருவிக்கொண்டேன்.

"இது எதுன்னு தெரிஞ்சுதா மிஸ்?"

"தெரியலக்கா."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. யாரோ ஒருத்தி நம்பிவிட்டாள் என்கிற நிம்மதி மாதிரி ஏதோ இருந்தது. மழை விட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வகுப்பில் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. விசா வந்ததும், எல்லோருக்கும் ஒரு டப்பா கேக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

எனக்குத்தான் அது விடவில்லை. கல்யாணமான புதிதில் மதியத் தூக்கத்தில் என் வீட்டுக்காரர் கை என்மேல் விழும். விழுந்த கையில் கனம் கூடுகிறதா என்று நான் கவனித்துக்கொண்டே கிடப்பேன். பொறுக்க முடியாமல் போனால் எழுப்பிவிடுவேன். என்ன என்பார். ஒன்றுமில்லை என்பேன். நான் அந்த டாக்டரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும். ஒரு தடவையும் கேட்கவில்லை.

அந்த அக்கா கிளம்பிப் போன மறு வருடம், பொங்கல் சமயத்தில், ஒரு நாள் லண்டனிலிருந்து போன் செய்தார். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். சாப்பாடு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது.

"இங்கிலீஷ் எப்படிக்கா?"

"வருது மிஸ். இங்க வயசானவங்க தூங்கறப்ப கைய நீட்டுவாங்க. புடிச்சிக்கச் சொல்லுவாங்க."

"புடிச்சிக்குவீங்களா?" என்றேன்.

"புடிச்சிக்குவேன். கொஞ்ச நேரம் போனா எடுத்துடுவேன். அவங்க முழிச்சிப் பாத்தாத்தான் திரும்பக் குடுப்பேன். தூங்கவே விடமாட்டேங்குறாளேன்னு திட்டுறாங்க மிஸ். மேனேஜர்கிட்டகூட சொல்லிட்டாங்க."

"அப்புறம்?"

"திட்டட்டும்" என்றார். "திட்டுறது காதுல விழுந்தாப் போதும் எனக்கு."

பின்னால் யாரோ அவரை ஆங்கிலத்தில் கூப்பிடுவது கேட்டது. "கமிங், கமிங்" என்று சொல்லிக்கொண்டே போனை வைத்தார்.